வன்னிக் கரையோரத்தில் அந்நிய இனங்கள்: கலாநிதி ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

முல்லைத்தீவிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "மீன்பிடி விஞ்ஞானத்தில் பட்டம் முடித்துவிட்டேன். கரையோரக் கடலில் பரவும் ஆக்கிரமிப்பு அந்நிய இனங்கள் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய ஆசை. வன்னியில் அதற்குப் போதிய விடயம் இருக்கிறதா, வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டுமா? எந்த இனத்தை எடுத்தால் நல்லது?"

விடயம் தாராளமாக இருக்கிறது, பிள்ளை. வெளிநாடு போவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எந்த இனம் என்ற கேள்வியை மட்டும் முதலில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு கடலுக்குள் புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அது வருவதற்கு முன் அங்கே என்னென்ன இருந்தன என்று தெரிந்திருக்க வேண்டும். வன்னிக் கரைக்கு அப்படியொரு முழுமையான பட்டியல் கிடையாது. உங்கள் ஆய்வு நிற்பதும் விழுவதும் இந்த ஓர் இடத்தில்தான்.

1999-இல் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் நடந்ததைப் பாருங்கள். மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த கறுப்புவரி மட்டி அங்குள்ள உல்லாசப் படகுத் துறைகளுக்குள் பெருகி, சதுர மீற்றருக்கு 20,000-க்கும் மேல் அப்பிக் கிடந்தது. ஆறு மாதங்களுக்கு முன் அதே துறைகளில் செய்திருந்த கணக்கெடுப்பில் அது ஒன்றுகூட இருக்கவில்லை. அந்தக் கணக்கெடுப்பு கையில் இருந்ததால், இது புதிது, இப்போதுதான் வந்திருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடிந்தது. துறைகளின் மதகுகளை மூடினார்கள்; குளோரினும் செப்புச் சல்பேற்றும் இட்டார்கள்; சில வாரங்களில் மட்டி ஒழிந்தது. கடலில் குடியேறிவிட்ட ஓர் இனத்தை முற்றாக ஒழித்த கதைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக் கூடியவைதான். இதே மட்டி விசாகப்பட்டினத்தில் 1967-இலேயே பதிவாகியது. இந்தியத் துறைமுகங்களை விட்டு அது இன்றுவரை போகவில்லை.

இப்போது நம் கரையை நினைத்துப் பாருங்கள். கொக்கிளாய்ப் பக்கத்து மக்கள் 1984 இறுதியில் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. இரணைதீவு மக்கள் 1992-இல் இடம்பெயர்ந்து 2018-இல்தான் தங்கள் தீவுக்குத் திரும்பினார்கள். இடையில் போன காலம் முழுவதும் இந்தக் கடலுக்குள் இறங்கி மாதிரி எடுத்து, பெயரிட்டு, போத்தலில் அடைத்து வைக்க யாருக்கும் வழியிருக்கவில்லை. கரையை அறிந்த தொழிலாளர்களே கரையில் இல்லை. ஆகவே நீங்கள் நாளை நாயாற்றில், பாறையிலோ கயிற்றிலோ ஒட்டி வாழ்ந்து நீரைப் பீச்சும் ஒரு விசித்திரமான கடற்பீச்சியைக் கண்டு அதை இலங்கையின் முதல் பதிவு என்று எழுதினால், அது நேற்று வந்ததா, 1970-இலேயே இருந்ததா, காலங்காலமாக இங்கேயே வாழ்கிறதா என்று தேர்வாளர் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடுவதுதான் உங்கள் முதல் வருட வேலை.

கையில் ஒன்றுமே இல்லை என்றும் சோர்ந்துவிட வேண்டாம். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களை ஆராய 1902-இல் ஹேர்ட்மன் என்ற விலங்கியலாளர் இலங்கைக்கு வந்தார்; ஜேம்ஸ் ஹோர்னெல் அவருடன் வேலை செய்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அவர்களுடைய அறிக்கையில் முத்துச்சிப்பி மட்டும் இல்லை. கடற்பஞ்சுகள், கடற்பீச்சிகள், புழுக்கள், மெல்லுடலிகள் என்று அந்தக் கடலடியில் கிடைத்த அனைத்தையும் அந்தந்தத் துறை வல்லுநர்களிடம் கொடுத்து விவரித்து வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நூறாண்டுக்கு மேற்பட்ட அடிப்படைப் பதிவு அது. மன்னாருக்குச் சொன்னதை முல்லைத்தீவுக்கு அப்படியே பொருத்த முடியாது; ஒன்று வளைகுடாவின் ஆழமற்ற முத்துச் சலாபம், மற்றது வங்காள விரிகுடாவின் திறந்த அலைக்கரை. ஆனால் அங்கே 1902-இல் இருந்த ஓர் இனத்தை நீங்கள் வன்னியில் புது வரவு என்று எழுதிவிடாமல் அது காப்பாற்றும். அதை வரி வரியாக வாசியுங்கள். பழைய பெயர்களை இன்றைய பெயர்களுடன் ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் உங்கள் ஆய்வேட்டில் மற்றவர்கள் பல ஆண்டுகள் எடுத்துப் பயன்படுத்தப்போகும் பகுதி அதுவாகவே இருக்கும்.

அடுத்தது, அந்நிய இனம் எல்லாம் ஆக்கிரமிப்பு இனம் அல்ல என்பதை எழுத்தின் ஒவ்வொரு வரியிலும் காக்க வேண்டும். நம் முருகைக்கற்களில் அமைதியாக வாழும் சிங்கமீன், 1980-களில் புளோரிடாக் கரையில் தென்படத் தொடங்கி இன்று கரீபியன் கடல் முழுவதும் குஞ்சு மீன்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. நாம் வலையிலிருந்து எடுத்து வீசும் பேத்தை மீனின் ஓர் இனம் சுயெஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போய், 2003-க்குப் பின் அங்குள்ள மீனவர்களின் வலைகளைக் கடித்துக் குதறுகிறது. இந்த உயிர்கள் பொல்லாதவை அல்ல. இடம் மாறியபோது அவற்றைக் கட்டுப்படுத்திய எதிரிகள் அவற்றோடு சேர்ந்து போகவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஓர் இனத்தின் பெயரைச் சொன்னவுடன் அதை எதிரியாக்கும் எழுத்தை நான் நம்புவதில்லை. எங்கே, எவ்வளவு, யாருக்கு என்ன இழப்பு என்று அளந்து காட்ட வேண்டும். பூர்வீகம் எது என்றே தீர்மானிக்க முடியாத இனங்களுக்குக் கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் கார்ல்டன் 1996-இல் தனி வகுப்பே வகுத்தார். வன்னியில் நீங்கள் காணப்போகும் ஒட்டுயிர்களில், அதாவது பாறை, படகு, கயிறு போன்றவற்றில் ஒட்டி வாழும் உயிர்களில், கணிசமானவை அந்த வகுப்புக்குள்தான் விழும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். நேர்மையாக அந்தப் பெட்டிக்குள் போட்டு, ஏன் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரே இனத்தை எடுத்து ஆழமாகச் செய்ய வேண்டுமென்றால் நான் காட்டுவது மேற்குக் கரையின் கப்பாபிக்கஸ் கடற்பாசியை.

பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களைச் சேர்ந்த இந்தப் பாசி கராஜீனன் என்ற பசைப்பொருளுக்காக வெப்ப வலய நாடுகள் பலவற்றில் வளர்க்கப்படுகிறது. நம் பக்கத்தில் பூநகரிப் பிரதேசத்தின் வலைப்பாடு அதற்குப் பெயர்போன இடம். கயிற்றில் சிறு துண்டுகளைக் கட்டிக் கடலில் மிதக்க விட்டால் சில வாரங்களில் பல மடங்கு பெருகிவிடும். வளர்ப்பில் அது விதையாலோ வித்தியாலோ பெருகுவதில்லை. முறிந்த துண்டே புதிய செடியாகிறது. விவசாயிக்கு அது வசதி. சூழலியலாளருக்கு அதுதான் கவலை, ஏனென்றால் காற்றடித்தால் பாசி முறியும், முறிந்த துண்டு நீரோட்டத்தோடு போகும், எங்காவது சிக்கினால் அங்கேயே வளரும்.

போகுமா, வளருமா என்பதற்கு வெளியிலிருந்து இரண்டு சாட்சிகள் உண்டு. ஹவாயின் கனியோஹே குடாவுக்கு 1974-இல் ஆய்வுக்காகக் கொண்டுவந்த பாசி, அங்குள்ள முருகைக்கற்களின் மேல் படர்ந்தது. பின்னர் கடலடியிலிருந்து உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தைப் படகில் பொருத்தி அகற்றினார்கள். எஞ்சிய துண்டுகளை மேய வளர்ப்புக் கடல் முள்ளெலிகளை விட்டார்கள். நமக்கு மிக அருகில், மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் மண்டபத்தை அண்டிய குருசடைத் தீவில், கிளைமுருகைகளின் மேல் இந்தப் பாசி போர்த்திக் கிடந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. எதிரே பாக்குநீரிணைக் கரையில் வளர்ப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த ஆய்வுக்கு மறுப்பும் வந்தது, பரவலின் அளவு பற்றி நீண்ட வாதம் நடந்தது. அந்த இரு தரப்புக் கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரே கடலைப் பார்த்த விஞ்ஞானிகள் ஏன் வேறுபட்டார்கள் என்பதிலிருந்து உங்கள் ஆய்வு முறையை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: பண்ணைக் கயிற்றிலிருந்து முறிந்த துண்டு எவ்வளவு தூரம் போகிறது, எதில் சிக்குகிறது, வாடைக்காலத்து மழைநீர் கலந்த கடலிலும் சித்திரை, வைகாசி வெயிலிலும் உயிரோடிருக்கிறதா? பண்ணை விளிம்பிலிருந்து வெளியே போகும் நேர்கோடுகளில், மணல், சாதாழை எனும் கடற்புல் படுக்கை, முருகைக்கல் திட்டு என்று தரை மாறும் இடங்களில், வாடைக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்க வேண்டும். துண்டுகளை வேண்டுமென்றே கடலில் விட்டுச் சோதிக்கக் கூடாது. வளர்ச்சிச் சோதனை எதுவாக இருந்தாலும் பண்ணை எல்லைக்குள், கண்ணி வலைப்பையில் அடைத்துத்தான் செய்ய வேண்டும்.

இதில் ஓரா மீனை மறந்துவிடாதீர்கள். பாசி வளர்க்கும் பெண்களிடம் பேசினால் ஓரா வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது என்பதை முறைப்பாடாகவே சொல்வார்கள். மொட்டையாகக் கடிக்கப்பட்ட நுனிகளைக் கயிற்றில் காட்டவும் செய்வார்கள். பண்ணைக்குள் தொல்லை கொடுக்கும் அதே ஓரா, பண்ணைக்கு வெளியே தப்பிய துண்டுகளைத் தின்று நமக்குக் காவல் செய்கிறதா? அப்படியானால் ஓரா குறைந்த இடத்தில் பாசி தங்குமா? இழுவைப்படகுகளால் சாதாழைப் படுக்கை கிழிந்து கிடக்கும் பகுதியில் என்ன நடக்கிறது? இந்தக் கேள்விகள் வன்னிக் கடலுக்கே உரியவை. ஹவாயிலும் மண்டபத்திலும் கிடைத்த பதிலை இங்கே கடன் வாங்க முடியாது. ஒரு கலாநிதி ஆய்வின் நடுப்பகுதியாக இருக்க இதுவே போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாசி தப்பவில்லை, தப்பினாலும் தங்கவில்லை என்று உங்கள் தரவு காட்டினால் அதை அதே உறுதியோடு எழுதுங்கள். அந்தப் பாசியில் குடும்பம் நடத்தும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் போரில் துணையை இழந்தவர்கள். அச்சத்தின் பேரில் பண்ணையை மூடச் சொல்லும் ஆய்வும் அநியாயம், வருமானத்தின் பேரில் முருகைக்கல்லைக் கைவிடும் ஆய்வும் அநியாயம்.

கிழக்குக் கரையில் கதை வேறு. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகள் வருடத்தில் பெரும்பகுதி மணல் திட்டால் அடைபட்டோ, குறுகிய வாயோடோ கிடக்கின்றன. மாரி மழையில் முகத்துவாரம் உடைகிறது, அல்லது வெட்டி விடப்படுகிறது. அப்போது நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் கடலைவிட உவராகிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாமல் பல உயிர்கள் மடிகின்றன. இதை ஓர் அரண் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அரண் சில இனங்களுக்கு வாசலாகிவிடும்.

எண்ணூர், பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்கள் "காக்கா ஆழி" என்று பெயர் வைத்திருக்கும் மட்டியை அறிந்திருப்பீர்கள். விஞ்ஞானப் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. தென், மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. 2016-இல் சிங்கப்பூரில் கவனிக்கப்பட்டது, 2019-இல் கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலிருந்து பதிவாகியது, பிறகு சென்னைக்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் அடியைத் தரைவிரிப்புப்போல் மூடிவிட்டது. சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு இடமில்லை. கையால் இறால் பிடிக்கும் மீனவர்களின் காலும் கையும் கீறுகின்றன. நீரின் உப்பு ஆயிரத்துக்கு 2 பங்கு முதல் 40 பங்கு வரை எந்த அளவில் இருந்தாலும், மாற்றம் மெதுவாக நடந்தால் இந்த மட்டி தாங்கிக்கொள்கிறது. நம் களப்புகளின் வருடாந்தச் சுழற்சியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நந்திக்கடலில் இறால் பிடித்து வாழும் குடும்பங்களுக்கு இந்த எண்கள் எவ்வளவு முக்கியமானவை என்று புரியும்.

இதை அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. நிறம் ஒன்றாக இருக்காது. கறுப்பு, கபிலம், பச்சை, வரிபோட்டது என்று ஒரே கொத்திலேயே வேறுபடும். பச்சையானதைப் பார்த்தால் நம் பச்சை மட்டியின் குஞ்சு என்றே தோன்றும். ஆகவே களத்தில் படத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஓட்டைத் திறந்து உட்புறத் தசைத்தழும்புகளைப் பார்த்து, பிறகு டி.என்.ஏ. வரிசையால் உறுதிப்படுத்துங்கள். மாதிரியை 95 வீத எதனோலில் வையுங்கள். போமலினில் போட்டுவிட்டால் டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடாகிவிடும். பொதுத் தரவுத்தளங்களில் தவறான பெயரோடு கிடக்கும் வரிசைகளும் உண்டு. ஒரே பொருத்தத்தை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம்; அந்த வரிசை எந்த மாதிரியிலிருந்து வந்தது, அந்த மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று பின்தொடருங்கள்.

களப்புகளுக்கு நான் விரும்பும் முறை ஒட்டுத்தகடு. கைப்பரப்பைவிடச் சற்றுப் பெரிய, 14 சதமமீற்றர் சதுரமான பிவிசி தகட்டை ஒரு பக்கம் சுரசுரப்பாகத் தேய்த்து, அந்தப் பக்கம் கீழே பார்க்கும்படி நீரில் ஒரு மீற்றர் ஆழத்தில் தொங்கவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து எடுத்தால் அதன் மேல் ஓர் ஊரே குடியிருக்கும். ஓரத்தில் கொட்டலசு, அதன் சுண்ணாம்புக் கூட்டின் மேல் இன்னொரு கொட்டலசு, இடையில் வெள்ளைக் குழாய்ப் புழுக்கள், அவற்றை மூடிக்கொண்டு வழுவழுப்பான கூட்டுக் கடற்பீச்சி, மேலே சல்லடைபோன்ற பாசிவிலங்கு. ஒவ்வொன்றும் யார் மேல் யார் ஏறியிருக்கிறார் என்பதைக் காட்டிக்கொண்டிருக்கும். தகட்டை ஒரு தட்டில் கடல்நீரில் வைத்து உயிரோடிருக்கும்போதே படம் எடுங்கள். கடற்பீச்சி சுருங்கிவிட்டால் பாதி அடையாளம் போய்விடும். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். மாரிக்கு முன் போட்ட தகடும் மாரிக்குப் பின் போட்ட தகடும் ஒரே களப்பில் இரண்டு வேறு உலகங்களைக் காட்டும். மழை எல்லாவற்றையும் துடைத்த பின் முதலில் வந்து இடம் பிடிப்பது யார் என்பதைப் பார்த்தால் அந்நிய இனங்களின் பலம் அங்கே தெரியும்.

தகடு, கயிறு, காலணி, வள்ளம் எல்லாமே இனங்களைச் சுமக்கும். ஆய்வாளரே நாயாற்றிலிருந்து நந்திக்கடலுக்கு ஒன்றைக் கொண்டுபோய்விடக் கூடாது. ஒரு களப்பில் போட்ட தகட்டை இன்னொரு களப்பில் போடாதீர்கள். களம் மாறும் முன் நன்னீரில் கழுவி முற்றாகக் காய வையுங்கள். ஆய்வு முடிந்ததும் ஒரு கயிற்றுத் துண்டும் விடாமல் எடுத்து வாருங்கள்.

எப்படி வந்தன என்ற கேள்விக்கு உலகப் பாடநூல்கள் கப்பல்கள் சமநிலைக்காக அடியில் ஏற்றும் பலாஸ்ட் நீரைத்தான் முதலில் சொல்லும். அதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு 2017 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வன்னிக்குப் பெருந்துறைமுகம் கிடையாது. அந்த அத்தியாயத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். இங்கே பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, மிதந்து வருவது. வாடைக்காலத்தில் வங்காள விரிகுடாவின் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி வருகிறது. அதனோடு மரங்கள், மூங்கில், பிளாஸ்டிக் எல்லாம் வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவுக் கரைகளில் ஒதுங்குகின்றன. ஜப்பானில் 2011-இல் ஏற்பட்ட சுனாமியின் சிதைவுகளில் ஒட்டிக்கொண்டு அமெரிக்க மேற்குக் கரை வரை போய்ச்சேர்ந்த இனங்கள் 289 என்று எண்ணியிருக்கிறார்கள். நம் கரையில் ஒதுங்கும் மூங்கிலைப் புரட்டினால் காம்பு நீண்ட வாத்துக் கொட்டலசு கொத்துக்கொத்தாகத் தொங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது திறந்த கடலில் மிதப்பனவற்றிலேயே பிறந்து வளரும் உயிர், கரையில் குடியேறாது. அந்தக் கொத்துக்களை விலக்கி, மூங்கில் கணுவின் இடுக்கிலும் கயிற்று முடிச்சுக்குள்ளும் பாருங்கள். கரையில் வாழும் சிறு மட்டியோ நண்டோ அங்கேதான் ஒளிந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது, படகுகள். கடற்படை பிடித்த இந்திய இழுவைப்படகுகள் கிராஞ்சி போன்ற இடங்களில் நீண்டகாலம் கட்டிக் கிடந்தன. பருவகாலத்தில் மேற்குக் கரையிலிருந்து தொழிலாளர்களின் படகுகள் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் வருகின்றன. 2006 மார்கழியில் இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிச் சென்ற ஃபாரா 3 என்ற ஜோர்தானியக் கப்பல் முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டியது. பெரும்பாலும் மணலாலான கரையில் அவ்வளவு பெரிய இரும்புப் பரப்பு திடீரென்று நின்றால், ஒட்டி வாழும் உயிர்களுக்கு அது புதிய நிலம். போர் நெருக்கிக்கொண்டிருந்த காலத்தில் அதன் அடியைச் சுரண்டிப் பார்க்கும் நிலையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதே கரையின் கற்பாறைகளில் இன்று ஒட்டியிருப்பவற்றை ஆராயும்போது இந்த வரலாற்றையும் மனதில் வையுங்கள்.

படகுகளைப் பற்றி எழுதும்போது மிகுந்த கவனம் வேண்டும். இந்தக் கடலில் யார் தொழில் செய்வது என்பது ஆறாத பிரச்சினை. ஒரு மட்டியின் பெயரை எடுத்துக்கொண்டு "இவர்கள்தான் கொண்டுவந்தார்கள்" என்று ஒரு சாராரைச் சுட்ட உங்கள் ஆய்வை யாரும் பயன்படுத்த இடம் கொடுக்காதீர்கள். இந்திய அமைதிப்படையின் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் பார்த்தீனியம் வவுனியா வயல்களில் பரவிய கதையை நம் விவசாயிகள் எல்லோரும் அறிவார்கள். யார் கொண்டுவந்தது என்று பேசியதில் ஒரு செடிகூடக் குறையவில்லை. எந்தப் படகின் அடி எவ்வளவு காலம் நீரில் நிற்கிறது, எப்போது கரையேற்றிச் சுரண்டுகிறார்கள், சுரண்டியதை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில்கள்தான் நாளைக்கு ஒரு வழிமுறையாகும். சுரண்டியதைத் திரும்பக் கடலில் தள்ளாமல் கரையில் வெயிலில் காயவிடச் சொல்வது செலவில்லாத காரியம்.

தொழிலாளர்களின் நினைவு உங்கள் இன்னொரு ஆவணக்களம். களங்கண்டி வலை போடுபவர், கரைவலைச் சம்மாட்டி, நண்டுவலை தெரிக்கும் பெண்கள், இவர்களுக்குக் கடலில் வழக்கமில்லாத ஒன்று கண்ணில் பட்டால் மறக்காது. ஆனால் "புது இனம் ஏதும் வந்திருக்கிறதா" என்று கேட்டால் உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது சொல்வார்கள். படங்களை வைத்துக்கொண்டு, நன்கு அறிந்த இனங்களோடு கலந்து காட்டுங்கள். இங்கே இல்லவே இல்லாத ஓர் இனத்தின் படத்தையும் இடையில் வையுங்கள். சொல்லும் பதிலின் நம்பகத்தன்மை தெரியும். ஆண்டைக் கேட்காதீர்கள். சுனாமிக்கு முன்னா பின்னா, இடம்பெயர முன்னா, மீளக் குடியேறிய பிறகா என்று கேளுங்கள். வன்னி மக்களின் காலக்கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

வெளிநாடு பற்றி. பதிவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ, 2021-இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலோ, வேறெங்கோ இருக்கலாம். களம் வன்னியாக இருக்கட்டும். கடற்பீச்சி, பாசிவிலங்கு, கடற்பஞ்சு போன்றவற்றை வகைப்படுத்தத் தெரிந்தவர்கள் உலகம் முழுவதிலும் சிலரே. அவர்களில் ஒருவரிடம் சில மாதங்கள் இருந்து கற்றுக்கொள்வதற்காக வெளிநாடு போங்கள். முழு ஆய்வையும் அங்கே கொண்டுபோனால் உங்கள் கரைக்கு மறுபடி ஒரு பட்டியலும் இல்லாமல் போகும். மேற்பார்வையாளர்களில் ஒருவராவது வகைப்பாட்டியலில் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அனுமதிகளைத் தள்ளிப்போடாதீர்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, கொக்கிளாய் 1951 முதல் சரணாலயம், விடத்தல்தீவு 2016-இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அந்த எல்லைகளுக்குள் ஒரு சிப்பி எடுக்கவும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து வேண்டும். மாதிரிகளை நாட்டுக்கு வெளியே அனுப்ப வேறு அனுமதி. கடற்படை முகாமுக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். படகுக்கு ஊர்த் தொழிலாளியையே அமர்த்தி, அவர் அன்று தொழிலுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள்.

நீரில் மிதக்கும் டி.என்.ஏ.யை வடிகட்டி இனங்களைக் கண்டறியும் புதிய முறை கவர்ச்சியானது. ஆனால் மாரிக்காலக் களப்பின் கலங்கல் நீர் வடிதாளைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும். நம் கரை இனங்களின் வரிசைகள் தரவுத்தளத்தில் போதியளவு இல்லாததால், கிடைக்கும் வரிசைகளில் பல பெயரில்லாமலே நிற்கும். முதலில் கையால் பிடித்து, பெயரிட்டு, வரிசை எடுத்து அந்த இடைவெளியை நிரப்புங்கள். இயந்திர முறையைக் கடைசி வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் முன்மொழிவு எழுதும்போது தலைப்பில் "ஆக்கிரமிப்பு" என்ற சொல்லை இப்போதைக்குப் போட வேண்டாம். "வன்னிக் கரையோரக் களப்புகளிலும் பாக்குநீரிணைக் கரையிலும் பூர்வீக, அந்நிய, பூர்வீகம் தெளியாத ஒட்டுயிர்கள்" என்பதுபோல ஒன்று வையுங்கள். ஒட்டுத்தகட்டுக் கணக்கெடுப்பும் பழைய ஆவண ஒப்பீடும் முதல் பாகம், கப்பாபிக்கஸ் பாசியும் ஓராவும் இரண்டாம் பாகம், படகும் மிதப்பனவும் மூன்றாம் பாகம். மூன்றும் சேர்ந்து அதிகமாகத் தோன்றினால் மூன்றாவதை விடுங்கள், முதலாவதை விடாதீர்கள். முதல் தகடுகள் ஆவணிக்குள் நீரில் இறங்கினால்தான் வாடை தொடங்குமுன் மூன்று மாதத் தரவு ஒன்று உங்கள் கையில் இருக்கும். ஆகவே அனுமதிக் கடிதங்களைச் சித்திரைக்கு முன்னரே எழுதிவிடுங்கள். முன்மொழிவின் வரைவு ஆனதும் அனுப்புங்கள், வாசித்துக் குறிப்பெழுதித் தருகிறேன்.